குறைந்த மாதமே கணக்கு

கேள்வி: எங்களுக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். 2025-இல் அமெரிக்கா வரியைக் கூட்டியதிலிருந்து ஓவர்டைம் கிடையாது, வாரத்தில் நாலு நாள் வேலை இருந்தாலே பெரிது என்கிறார். முன்பு மாதம் 15,000 அனுப்புவார். இப்போது 10,000. ஒரு மாதம் 7,000 தான் வந்தது. நான் பீடி சுற்றுகிறேன், 3,000 கிடைக்கும். மகளிர் உரிமைத்தொகை 1,000 வருகிறது. மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், மகள் ஒன்பதாம் வகுப்பு, கூட மாமியார். எப்படிச் சுருக்கினாலும் வீட்டுச் செலவு 10,000 ஆகிவிடுகிறது. குழுக் கடனுக்கு மாதம் 2,650, இன்னும் 14 தவணை பாக்கி. ஊரில் ஒருவரிடம் அஞ்சு வட்டிக்கு 30,000 வாங்கி, வட்டி மட்டும் கட்டிவருகிறோம். கூட்டுறவு வங்கியில் மூன்று பவுனை 80,000-க்கு வைத்திருக்கிறோம், வட்டி 11 சதவீதம், கெடு வரப்போகிறது. நகைச்சீட்டு மாதம் 2,000 வீதம் ஏழு மாதம் கட்டியாச்சு. தீபாவளிச் சீட்டு 500. மளிகைக் கடையில் 6,000 பற்று. இப்போது அம்மா வீட்டுப் பாகமாக அண்ணன் கொடுத்த 1,25,000 ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. தங்கம் வாங்கிப்போடு என்கிறார் வீட்டுக்காரர். மகள் சடங்கை மண்டபத்தில் வைத்துச் செய்யணும், மொய் வந்து சரியாகிவிடும் என்கிறார் மாமியார். லட்சம் போட்டால் மாதம் 4,000 தரும் ஒரு நிறுவனம் இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் தினமும் வந்து சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாக் கடனையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், மளிகைப் பற்று உட்பட. நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், நகைக் கடனைச் சொல்பவர்கள்கூட மளிகைப் பற்றையும் அஞ்சு வட்டியையும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அவற்றைச் சேர்க்காமல் போடும் கணக்கு எதுவும் ஒரு மாதம்கூட நிற்காது. நீங்கள் முழுசாக எழுதியதால்தான் நானும் முழுசாகப் பதில் சொல்ல முடிகிறது.

முதலில் இப்போதைய நிலைமையைப் பார்த்துவிடுவோம். குழுக் கடன் 2,650, அஞ்சு வட்டி 1,500, நகைச்சீட்டு 2,000, தீபாவளிச் சீட்டு 500. ஆக, அரிசி பருப்பு வாங்கும் முன்னே 6,650 ரூபாய் போய்விடுகிறது. வீட்டுச் செலவு 10,000 சேர்த்தால் 16,650. உங்கள் வீட்டுக்காரர் 15,000 அனுப்பிய காலத்தில் மொத்த வரவு 19,000; அப்போது இது தாங்கியது. இன்று வருவது 14,000, மோசமான மாதத்தில் 11,000. மிச்சம் பிடிக்கத் தெரியாததால் பற்று ஏறவில்லை. வரவு இறங்கிய பிறகும் தவணைகள் பழைய வரவின் அளவிலேயே நிற்பதால் ஏறுகிறது. இதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

வரவு நிச்சயமில்லாத காலத்தில் நான் யாருக்கும் சொல்வது இதுதான்: நல்ல மாதத்தை வைத்துச் செலவைத் திட்டமிடாதீர்கள், சராசரியை வைத்தும் வேண்டாம். இருப்பதிலேயே குறைந்த மாதம் எதுவோ அதை வைத்து வீட்டை நடத்துங்கள். உங்களுக்கு அந்தத் தொகை 11,000. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கால்வாய் வழியாக வருவது ஒரு வாரம் நிறைய வரும், ஒரு வாரம் நின்றுபோகும். அதைக் குளத்தில் தேக்கி, மடையில் அளந்து விடுவதால்தான் வயல் பிழைக்கிறது. உங்கள் வீட்டில் இன்று கால்வாய் நேராக வயலுக்குள் போகிறது, நடுவில் குளம் இல்லை. இந்த 1,25,000-த்தை வைத்து முதலில் ஓட்டைகளை அடைத்து, மிச்சத்தில் ஒரு சின்னக் குளம் வெட்டப்போகிறோம்.

பெரிய ஓட்டை அஞ்சு வட்டி. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்றால் காதுக்குச் சின்னதாகக் கேட்கும். வருஷத்துக்கு அது 60 சதவீதம். இருபது மாதம் கட்டினால் வட்டியே 30,000 ஆகிவிடும், அசல் அப்படியே நிற்கும். வீட்டுக்காரர் சொல்வது போலப் பவுன் எவ்வளவுதான் ஏறினாலும், வருஷா வருஷம் தவறாமல் 60 சதவீதம் ஏறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இந்தக் கடனை அடைத்தால் 60 சதவீதம் மிச்சம் என்பது மட்டும் உறுதி. அதனால் இந்த 30,000 முதலில் போகட்டும்.

கொடுக்கும்போது தனியாகப் போகாதீர்கள். உங்கள் அண்ணனையோ ஊரில் மதிப்பான ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். கடன் வாங்கும்போது எழுதிக்கொடுத்த புரோநோட்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை, வீட்டுப் பத்திரத்தின் நகல் என்று எது கொடுத்திருந்தாலும், பணத்தை எண்ணி வைக்கும் அதே இடத்தில் திரும்ப வாங்குங்கள். ‘அப்புறம் தாரேன், எங்கயோ வச்சிருக்கேன்’ என்றால் பணமும் அப்புறம்தான். அசலும் வட்டியும் முழுசாக வந்து சேர்ந்தது என்று ஒரு தாளில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ கொடுங்கள், தடயம் இருக்கும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017 அக்டோபரில் கந்துவட்டித் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பம் குழந்தைகளோடு திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தது. இந்த மாவட்டத்தில் கடனைப் பற்றிப் பேசும் எவரும் அதை மறந்துவிட்டுப் பேச முடியாது. அளவுக்கு மீறிய வட்டி வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது. உங்களுக்குக் கடன் கொடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பணம் கட்டிய பிறகும் பத்திரத்தைத் தராமல் இழுத்தாலோ, மிரட்டினாலோ, ஒரு நாளும் தாமதிக்காமல் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

அடுத்து குழுக் கடன். 2,650 வீதம் 14 தவணை என்றால் இனிக் கட்ட வேண்டியது 37,100. வட்டி 24 சதவீதம் அளவில் இருந்தால், இன்றைக்கே முடித்தால் 32,000 பக்கம்தான் வரும். சரியான தொகையைக் கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வகைச் சிறுகடனுக்கு முன்னதாகக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்பது 2022-லிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. வட்டியில் 5,000 ரூபாய் மிச்சமாவது ஒரு பக்கம் இருக்கட்டும். மாதா மாதம் 2,650 விடுதலையாகிறதே, உங்கள் நிலைமையில் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. கூட்டத்துக்குப் போய், கட்ட முடியாத பெண்ணுக்காக மற்றவர்கள் பணம் போடும் அந்த மன உளைச்சலும் குறையும்.

முடித்த கையோடு ஃபீல்டு ஆபீசர் வந்து, ‘நல்லாக் கட்டியிருக்கீங்க, இந்தத் தடவை 80,000 தாரோம்’ என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்காக உங்கள் பெயரில் எடுத்துக்கொடுப்பதும் வேண்டாம். பெயர் யாருடையதோ, கடன் அவருடையது.

மளிகைக் கடைக்காரருக்கு 6,000-த்தை மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். அவர் வட்டி வாங்குவதில்லை என்று நினைக்கிறோம். ஆனால் பற்று வைத்திருப்பவர் விலை கேட்பதில்லை, எடை பார்ப்பதில்லை, வேறு கடைக்கும் போக முடியாது. பற்று தீர்ந்த பிறகு அதே கடையிலேயே வாங்குங்கள், ஆனால் காசு கொடுத்து வாங்குங்கள். அவசரத்துக்கு அரிசி தந்த மனிதர் அவர். அந்த நல்லெண்ணம் நாளைக்கும் வேண்டும்.

இனி நகைக் கடன். இங்கே வரிசை முக்கியம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்ற எந்தக் கடனையும் அடைக்கும் முன், கையில் 1,25,000 முழுசாக இருக்கும்போதே, கூட்டுறவு வங்கிக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கெடு வரும்போது வட்டியை மட்டும் கட்டிக் கடனைப் புதுப்பிக்க விடுவீர்களா, அல்லது முழுத் தொகையும் கட்டி நகையைத் திருப்பி, மறுபடியும் வைக்கச் சொல்வீர்களா?’

வட்டி மட்டும் போதும் என்றால் நல்லது, வருஷத்துக்கு 8,800 ரூபாய். முழுசாகக் கட்டச் சொன்னாலும் பயப்பட வேண்டாம், உங்கள் கையில் பணம் இருக்கிறது. அன்றைக்கே 88,800 கட்டி, நகையைத் திருப்பி, மறுபடி வைத்துவிட்டு, வாங்கிய 80,000-த்தோடு வந்து மற்றக் கடன்களை அடையுங்கள். முந்தாநாள் அஞ்சு வட்டிக்காரரை அடைத்துவிட்டு, கெடு நாளில் நகையைத் திருப்பப் பணம் இல்லாமல், ‘ஒரு நாள் வட்டிக்கு’ வாங்க ஓடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அந்த ஒரு நாள் வட்டி பிடுங்குவது எவ்வளவு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

திருப்பி வைக்க நேர்ந்தால் ஒரு நன்மையும் உண்டு. நீங்கள் வைத்தபோது இருந்த விலை வேறு, இன்றைக்குப் பவுன் லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. 80,000-க்கு இரண்டு பவுனே தாராளமாகப் போதும். மூன்றாவது பவுனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். ‘இந்த நகைக்கு இரண்டு லட்சம் வரை கிடைக்கும், எடுத்துக்கோங்க’ என்று சொன்னால் மட்டும் மயங்காதீர்கள். எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் அடைத்து நகையை முழுசாக மீட்டுவிடலாமே என்று தோன்றும். இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் கடன்களிலேயே வட்டி குறைந்தது இதுதான். நகை வங்கியில் பத்திரமாக இருக்கிறது, விலை ஏறினால் அந்த ஏற்றமும் உங்களுக்கே. 80,000-த்தை இதில் போட்டுவிட்டு வெறுங்கையோடு நின்றால், வீட்டுக்காரருக்கு அடுத்த மாதம் வேலை இல்லாமல் போகும்போது மறுபடி அஞ்சு வட்டி வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இதிலேயே வீட்டுக்காரரின் தங்க யோசனைக்கும் பதில் இருக்கிறது. அவர் சொல்வதில் தப்பான எண்ணம் ஏதும் இல்லை. தங்கம் நம் வீடுகளைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் உங்களிடம் ஏற்கெனவே மூன்று பவுன் இருக்கிறது. இந்தப் பணம் முழுவதற்கும் இன்னும் ஒரு பவுன் கிடைக்கும். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் வாங்கும் அன்றைக்கே போய்விடும். அவசரத்துக்கு விற்கப் போனால் அவை திரும்ப வராது. அப்புறம் அதே பவுனைக் கொண்டுபோய் அடகு வைத்துத்தான் அரிசி வாங்கப் போகிறோம். உங்களிடம் இல்லாதது ரொக்கம்தான். அவருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

நகைச்சீட்டை நிறுத்தலாமா என்று கேட்பீர்கள். ஏழு மாதம் கட்டிவிட்டீர்கள், மிச்சம் நாலு. பாதியில் நிறுத்தினால் பல கடைகளில் சேதாரச் சலுகை போய்விடும். அடைத்த கடன்களால் மாதம் 4,150 மிச்சமாகும், அதிலிருந்து இந்த நாலு மாதத்தைக் கட்டி முடித்துவிடுங்கள். 22,000-க்கு இன்றைய விலையில் இரண்டு கிராமுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும், மகளுக்கு ஒரு ஜோடிக் கம்மல் ஆகும். வாங்கும்போது 916 ஹால்மார்க்கும் ஆறு இலக்க எச்யூஐடி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம், இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதோடு புதுச் சீட்டு சேர வேண்டாம், வருமானம் நிலைக்கும் வரை.

மாதம் 4,000 விஷயத்துக்கு வருகிறேன். லட்சத்துக்கு மாதம் 4,000 என்றால் வருஷத்துக்கு 48 சதவீதம். வங்கி வைப்புக்கு ஆறு, ஏழு சதவீதம் கிடைத்தாலே பெரிது. நேர்மையான எந்தத் தொழிலிலும் 48 சதவீதத்தை மாதம் தவறாமல் வெளியாளுக்குக் கொடுக்க முடியாது. முதல் சில மாதம் ஒழுங்காக வரும். அது உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவரின் பணம். உங்களுக்கு ஒழுங்காக வருவதைப் பார்த்து உங்கள் தங்கச்சி சேர்வாள், மதினி சேர்வாள். புதிதாகச் சேர ஆள் இல்லாத நாளில் அலுவலகம் பூட்டிக்கிடக்கும். ஈமு கோழி என்ற பெயரில் 2012-இல் கொங்கு நாட்டில் எத்தனை குடும்பம் இதில் போனது என்பது உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும், திருப்பூரில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2019-இல் வந்தது, தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-லிருந்தே இருக்கிறது, பொருளாதாரக் குற்றப்பிரிவு காவல்துறை இருக்கிறது. இவ்வளவு இருந்தும் போன பணம் திரும்பி வர வருஷக்கணக்கில் ஆகிறது, முழுசாக வருவதும் இல்லை. தினமும் வரும் அந்தத் தெரிந்தவருக்கு ஆள் சேர்த்தால் கமிஷன் இருக்கும். கதவைச் சாத்த வேண்டாம், ‘பணத்தைக் கடனுக்குக் கட்டியாச்சு’ என்று ஒரே வார்த்தை சொல்லுங்கள், வரத்து நின்றுவிடும்.

சடங்கு. இதை எழுதும்போது எனக்குத் தயக்கம் இருக்கிறது, ஏனென்றால் இது கணக்கு மட்டும் இல்லை. பேத்திக்கு நல்லது பார்க்க வேண்டும் என்ற மாமியாரின் ஆசை நியாயமானது. ‘மொய் வந்து சரியாகிவிடும்’ என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். வருவதில் ஒரு பங்கு நீங்கள் முன்பு செய்தது திரும்ப வருவது. மிச்சம், நாளைக்கு நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய செய்முறை. அதாவது வட்டியில்லாத கடன், கெடு மட்டும் உங்கள் கையில் இல்லை. அவர்கள் வீட்டில் விசேஷம் வரும் மாதம் எதுவோ அதுதான் கெடு. ஆவணியில் ஒரே வாரத்தில் மூன்று கல்யாணப் பத்திரிகை வந்தால் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். மண்டபமும் பந்தியும் வீடியோவும் ஃபிளெக்ஸ் போர்டும் சேர்ந்தால் செலவு லட்சத்தைத் தொடும். மொய் அதில் பாதியைக்கூட எட்டாமல் போகலாம். அப்போது அஞ்சு வட்டிக்காரர் மறுபடி வருவார்.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, நெருங்கிய சொந்தம் மட்டும் கூப்பிட்டு, தாய்மாமன் சீரோடு 10,000 ரூபாய்க்குள் அழகாகச் செய்யலாம். உங்கள் அண்ணன் இப்போதுதான் பாகம் பிரித்துக் கொடுத்திருக்கிறார், சீரைப் பெரிதாக எதிர்பார்த்து அவரையும் கடனில் தள்ள வேண்டாம். மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குத் தன் முகம் போட்ட போர்டு ரோட்டில் நிற்பதில் எவ்வளவு விருப்பம் இருக்கும் என்று நாம் யாரும் கேட்பதே இல்லை. மாமியாரிடம் நீங்கள் சொன்னால் மனஸ்தாபம் வரும்; வீட்டுக்காரர் போனில் தன் அம்மாவிடம் பேசட்டும்.

இப்போது கணக்கு. 1,25,000-இல் அஞ்சு வட்டிக்கு 30,000, குழுக் கடனுக்கு 32,000, மளிகைக்கு 6,000, நகை வட்டிக்கு 8,800, சடங்குக்கு 10,000. மிச்சம் 38,200. இதில் ஆயிரத்துக்கும் குறைவாக ஒரு செலவு செய்யச் சொல்வேன். உங்கள் இருவர் பெயரிலும் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடும் சுரக்ஷா விபத்துக் காப்பீடும் வங்கியில் எழுதிக்கொடுங்கள். வருஷத்துக்கு ஆளுக்கு 436-ம் 20-ம், இருவருக்கும் சேர்த்து 912 ரூபாய். முதலாவதில் எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், ஆனால் 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டாவது விபத்துக்கு, 70 வயது வரை உண்டு. தூரத்து ஊரில் வேலை பார்க்கும் ஒருவர் அனுப்பும் பணத்தை நம்பி நிற்கும் வீட்டுக்கு இதைவிட மலிவான துணை கிடையாது. மே மாதக் கடைசியில் கணக்கில் அந்தத் தொகை இருக்கட்டும், தானாகப் பிடித்துக்கொள்வார்கள்.

மிச்சம் 37,000 சொச்சம்தான் உங்கள் குளம். 3,000-த்தை வீட்டில் ரொக்கமாக வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் கரண்டும் டவரும் இல்லாமல் எத்தனை ஊர் தவித்தது. போனில் இருக்கும் பணம் அன்றைக்குப் பால் வாங்கக்கூட உதவாது. 14,000 உங்கள் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். பாக்கி 20,000-த்தை இரண்டு தனித்தனிப் பத்தாயிரமாக ஒரு வருஷ வைப்பில் போடுங்கள். ஒன்றாகப் போட்டால் 3,000 தேவைப்பட்டாலும் முழுசையும் உடைக்க வேண்டிவரும். வங்கியில் போட்டால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020-லிருந்து. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க வைப்புக்கு அந்தக் காப்பீடு கிடையாது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாதச் செலவு 10,000 வீடு, 2,000 நகைச்சீட்டு, 500 தீபாவளிச் சீட்டு, ஆக 12,500. குறைந்த மாதத்தில் 1,500 குளத்திலிருந்து எடுப்பீர்கள். 14,000 வரும் மாதத்தில் 1,500 திரும்ப உள்ளே போகும். நாலு மாதம் கழித்து நகைச்சீட்டு முடிந்ததும் செலவு 10,500-க்கு இறங்கிவிடும். அப்போது 11,000 வரும் மாதத்தையும் வெளியே கை நீட்டாமல் ஓட்டலாம். வீட்டுக்காரருக்கு அடியோடு வேலை நின்றாலும், உங்கள் 4,000-த்தோடு சேர்த்து இந்தக் குளம் நாலு மாதத்துக்கு மேல் தாங்கும். வேறு வேலை தேட அந்த நாலு மாதம் போதும், பதறிப்போய் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்காது.

நிலைமை சீரானதும் தபால் அலுவலகத்தில் மகளுக்காக ஒரு ஆர்.டி. தொடங்குங்கள், மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்து வருஷம். செல்வமகள் திட்டத்தில் சேரச் சொல்வார்கள்; பத்து வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், உங்கள் மகளுக்கு அந்த வயது கடந்துவிட்டது. அடுத்த வருஷக் கோயில் கொடை வரியையும் இப்போதே மாதம் நூறு இருநூறாக ஒரு உறையில் போட்டு வாருங்கள். வருஷா வருஷம் அதே மாதம் வரும் செலவுக்குக் கடன் வாங்குவதில் அர்த்தம் இல்லை.

வீட்டுச் செலவு 10,000-த்தில் எதைக் குறைக்க என்று நான் சொல்லப்போவதில்லை. ஐந்து பேர் குடும்பத்தில் நீங்கள் ஏற்கெனவே சுருக்கித்தான் நடத்துகிறீர்கள். குறைக்கக் கூடாததை மட்டும் சொல்கிறேன். மாமியாருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை இருந்தால் ஒரு நாளும் விடக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்பது அதன் வரம்பு. வருமானம் இறங்கியிருக்கும் இந்த நேரத்தில் தகுதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் சாப்பாட்டையும் குறைக்காதீர்கள். நாள் முழுக்கக் குனிந்து சுளகைப் பார்த்து உட்காரும் உடம்பு அது, புகையிலைத் தூள் வேறு.

வரவுப் பக்கமும் இரண்டு மூன்று கதவு திறக்காமல் கிடக்கிறது. மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கு வர வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கியது, பாலிடெக்னிக்கும் அதில் சேரும். வராவிட்டால் கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை தனியாக உண்டு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், மகளுக்கும் கேளுங்கள். அதற்கு உங்கள் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை தேவை. உங்கள் பி.எஃப். எண் என்ன, வாரிசு யார் பெயர், மாதா மாதம் கம்பெனி கட்டுகிறதா என்பதைப் பீடிக்கடையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தைச் சடங்குக்கோ தங்கத்துக்கோ எடுக்காதீர்கள். விரல் ஓயும் வயதில் உங்களுக்கென்று இருக்கப்போவது அது ஒன்றுதான்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் அனுப்புவதை எழுதியிருக்கிறீர்கள், சம்பாதிப்பதை எழுதவில்லை. அறை வாடகை, மெஸ், அங்கே தனியாக ஏதும் கடன், எல்லாவற்றையும் சேர்த்து எவ்வளவு என்று சண்டை இல்லாமல் கேளுங்கள். கம்பெனியில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, பீஸ் ரேட்டில் வெளியாளாக வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பிடித்தம் இருந்தால் வேலை குறைந்த காலத்திலும் சில பாதுகாப்புகள் உண்டு. அங்கே தங்கும் செலவு போக அவர் கைக்கு நிற்பது மாதம் 7,000 தான் என்ற நிலை நீடித்தால், ஊரில் இருந்தே தையல் மிஷின் போட்டால் என்ன வரும், கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் வேலை கிடைக்குமா என்று இருவரும் உட்கார்ந்து பேசலாம். அவசரப்பட்டு இப்போதே வரச் சொல்ல வேண்டாம். ஆர்டர் திரும்பினால் பழைய டெய்லரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

இந்த வாரமே கூட்டுறவு வங்கிக்குப் போய்விடுங்கள். அடகுச் சீட்டில் கெடு தேதி போட்டிருக்கும், அதை எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் மற்றக் கடன்களை எந்த நாளில் அடைப்பது என்று முடிவாகும். ஏதாவது இடத்தில் தடங்கல் வந்தால், குறிப்பாகப் புரோநோட்டு விஷயத்தில், மறுபடி எழுதுங்கள்.